ஃபஸ் பெடல்: வேலூர் வெயிலுக்கு ஜெர்மானியமா, சிலிக்கானா?

கிட்டார் சத்தத்தைச் சிதைத்து முரடாக்கும் ஃபஸ் பெடலில் காதுக்கு எது இனிமை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் என்பேன். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலில் இருந்ததும் அதுதான், கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் அழகாகத் தெளிந்துவிடும். ஆனால் காட்பாடியில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து ராத்திரி டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 4.5 வோல்ட் வரும்படி பயாஸ் (அது வேலை செய்யும் மின்நிலை) வைத்தேன், மறுநாள் மதியம் கத்திரி வெயிலில் மீட்டரை வைத்துப் பார்த்தால் அது எங்கேயோ போயிருந்தது, சத்தமும் தொண்டை கட்டியது போல. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடுகிறது, அதான்.

சிலிக்கானில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பிசி108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போட்டேன். கொஞ்சம் கரகரப்பு, சில சமயம் ரேடியோ வேறு பிடிக்கும், சரி, அதன் பேஸ் காலுக்கும் கலெக்டர் காலுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தேன், அடங்கியது. ஜெர்மானியப் பெட்டியை மார்கழிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.