சேலத்தில் வாடகைக்கு இரட்டை பூட்ஸும் கிராம்பானும்: சாமானுக்குப் போகலாம், அறிவுரைக்கு வேண்டாம்

லடாக்கின் காங் யாட்சே 2 (6,250 மீட்டர்) போன்ற சிகரங்களுக்கு வேண்டிய இரட்டை பூட்ஸ் (வெளி ஓட்டுக்குள் தனி உள் பூட்ஸ் உள்ளது), கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பல் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக் கோடரி), ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை) எல்லாம் ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள இந்தக் கடையில் வாடகைக்குக் கிடைக்கின்றன. லடாக்கின் லே நகரிலும் எடுக்கலாம்தான். ஆனால் சீசனில் உங்கள் சைஸ் அங்கே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். இங்கே ஆற அமரப் போட்டுப் பார்க்கலாம்.

அதற்கென்றே சாய்வுப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், அருமையான ஏற்பாடு. மலையில் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸைக் கொண்டுபோங்கள். உள் பூட்ஸ், வெளி ஓடு இரண்டையும் இறுக்கிக் கட்டி, இறக்கத்தைப் பார்த்து நில்லுங்கள். விரல் முன்னால் இடித்தால் அரை சைஸ் கூட்டுங்கள்; நசுங்கிய விரலில் ரத்தம் சரியாக ஓடாது, பனிக்கடி (குளிரில் சதை உறைந்துபோவது) அங்கேதான் முதலில் பிடிக்கும். ஏறும்போது குதிகால் எழும்பினால் சைஸ் பெரிது, கொப்புளம் நிச்சயம்.

அடுத்து அடிப்பாகம். குதிகாலுக்குக் கீழே உள்ள பாலியூரித்தேன் (நுரை போன்ற பிளாஸ்டிக்) அடுக்கு, ஈரக்காற்று பட்டே வருடக்கணக்கில் உள்ளுக்குள் சிதைந்துவிடும், யாரும் போடாமல் பெட்டியில் கிடந்தாலும். பார்க்கப் புதுசாகவே இருக்கும். மலையில் சில மணி நேரம் நடந்ததும் சோல் கழன்று வரும். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், சோலை முறுக்கிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தாலோ ஒட்டில் கோடு விட்டிருந்தாலோ வேண்டாம். எந்த ஜோடி எந்த வருடத்தது என்று கடையில் குறித்து வைக்கவே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட சாமானில் இது பெரிய குறை.

கிராம்பானை எடுக்கப்போகும் பூட்ஸிலேயே மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்-இன் வகைக்கு (முன்னால் கம்பியும் பின்னால் நெம்புகோலும் பூட்ஸைக் கவ்விப் பிடிப்பது) பூட்ஸின் முன்னும் பின்னும் பள்ளம் இருக்க வேண்டும். வாரைக் கட்டாமல் தூக்கி உதறினாலும் விழக்கூடாது. வாரின் கொக்கி காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். பனி ஒட்டாத அடித்தகடு இல்லாததை வாங்காதீர்கள். வெயில் ஏறி இளகிய பனி அடியில் கட்டியாக ஒட்டினால் பல் தரையைத் தொடாது.

அடுப்புக்கான கேஸ் கேன் இங்கே வாங்க வேண்டாம், விமானத்தில் எந்தப் பையிலும் விடமாட்டார்கள்.

ஏற்காட்டில் இவர்கள் நடத்தும் பயிற்சியில் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும் என்கிறார்கள். தவறு. சேர்வராயன் கோயில் உச்சியே 1,623 மீட்டர்தான். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. 6,000 மீட்டரில் பாதிகூட இல்லை. ஏற்காடு காலுக்கும் மூச்சுக்கும் பயிற்சி, அவ்வளவுதான். லேயில் (3,500 மீட்டர்) இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருங்கள். அதன்பின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.