இலவசச் சமூகவியல் பாடநூல்: எலும்பு உறுதி, சதை அமெரிக்காவுடையது

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பகுதிநேரப் பட்டப்படிப்பிலோ சமூகவியலை முதன்முறையாக எடுப்பவர்கள், காசு கொடுத்துப் பாடநூல் வாங்குமுன் ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘இன்ட்ரொடக்‌ஷன் டு சோசியாலஜி’ மூன்றாம் பதிப்பைப் பார்த்துவிட வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் திட்டம் இது. 2021ல் வந்த இந்தப் பதிப்பில் 21 அத்தியாயங்கள். இணையத்தில் படிக்கலாம், பிடிஎஃப் ஆகவும் இறக்கிக்கொள்ளலாம், இரண்டும் இலவசம். ஆங்கிலம் எளிமையானது. ஆனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா. அதைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தெரிந்தால்தான் நூல் பயன்படும்.

பண்பாடு பற்றிய 3ஆம் அத்தியாயம் மிக நன்றாக இருக்கிறது. எழுதாத வழக்கம் எது, எழுதிவைத்த விதி எது என்று அது பிரிக்கும் இடத்தில் தேக்கா உணவங்காடியை வைத்துப் பாருங்கள். டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிப்பது வழக்கம். மீறினால் முறைப்பு மட்டும்தான். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பதும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் அமலாக்கம் வந்தது; வழக்கம் விதியானது. ஒரே மேசையில் இரண்டு வகையும் கிடைக்கும்போது அமெரிக்க எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மாணவர்கள் அதிகம் வழுக்குவது மூன்று கோட்பாட்டுப் பார்வைகளில்: செயற்பாட்டியம் (ஒவ்வோர் அமைப்பும் சமூகத்தை நிலைநிறுத்த என்ன செய்கிறது), முரண்பாட்டுக் கோட்பாடு (அதிகாரத்துக்கும் வளத்துக்குமான போட்டி), குறியீட்டு ஊடாட்டம் (அன்றாடப் பழக்கத்தில் மனிதர் உருவாக்கும் பொருள்). நூல் பெரும்பாலான அத்தியாயங்களில் மூன்றையும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. அது நல்ல பழக்கம். எனினும் ஒவ்வொன்றையும் தனித்தனி எடுத்துக்காட்டோடு படித்தால் வேறுபாடு பிடிபடாது. ஒரே விஷயத்தை மூன்று முறை திருப்பிப் பார்க்க வேண்டும். 1989ல் வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன ஒருங்கிணைப்புக் கொள்கை இதற்குக் கச்சிதம். ஒவ்வோர் இனத்தவரும் ஓர் அக்கம்பக்கத்திலும் புளோக்கிலும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று அது வரம்பு வைக்கிறது. இந்தியர், பிற இனத்தவருக்கான உச்சவரம்பு 2010ல் அக்கம்பக்கத்துக்கு 12 விழுக்காடாகவும் புளோக்குக்கு 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. இனக் குடியிருப்புகள் தனித்தனியே உருவாகாமல் தடுத்து நகரைக் கட்டிக்காக்கிறது என்பது செயற்பாட்டியப் பதில். முரண்பாட்டுக் கோட்பாடு, விலையை யார் சுமக்கிறார் என்று கேட்கும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் மறுவிற்பனைக்கு வீட்டைப் போட்டால், சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது. ஊடாட்டப் பார்வையோ நடைபாதைக்குப் போய்விடும்: எதிர்வீட்டாரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், பொங்கலன்று யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். மூன்றையும் எழுதிப் பார்த்தவருக்குத் தேர்வில் தடுமாற்றம் வராது.

9ஆம் அத்தியாயம் அமெரிக்கச் சமூக அடுக்கமைவு, அதாவது செல்வம், அதிகாரம் போன்றவற்றால் மக்கள் மேல்கீழ் அடுக்குகளாகப் பிரிவது. தகுதி அடிப்படையிலான சமுதாயம் ஓர் இலட்சியம்தான், எங்கும் முழுமையாக நடப்பில் இல்லை என்ற விளக்கம் நமக்கு மிக முக்கியம். வறுமைக் கோட்டுப் புள்ளிவிவரங்களை அப்படியே எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக் கோடு கிடையாது. பதிலாக வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டைப் பாருங்கள் (0 என்றால் முழுச் சமம், 1 என்றால் முழு ஏற்றத்தாழ்வு): 2023ல் 0.433, அரசாங்க உதவிகளும் வரிகளும் சேர்ந்தபின் 0.371. இது வேலை வருமானம் உள்ள வசிப்பாளர் (குடிமக்கள், நிரந்தரவாசிகள்) குடும்பங்களின் கணக்கு. தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் இதில் வரமாட்டார். எண்ணைச் சொல்லிவிட்டு, யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை.

சாதி பற்றி நூல் சொல்வது போதாது. ‘மூடிய அடுக்கமைவு’ (பிறந்த நிலையிலிருந்து மாற முடியாத அடுக்கமைவு) என்பதற்கு உதாரணமாகச் சுருக்கமாகக் கடக்கிறது. வருணம் வேறு, சாதி வேறு என்ற அடிப்படை வேறுபாடு தமிழ் வாசகருக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை எதிர்பார்த்துப் படிப்பவருக்கு நூலின் அந்தப் பகுதி மெலிந்து தெரியும். இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது தீண்டாமையை, சாதியை அல்ல. அறிமுக நிலையில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சமூகவியலாளர் எம். என். சீனிவாஸின் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ கருத்தையும் (கீழே வைக்கப்பட்ட சாதியினர் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றித் தம் நிலையை உயர்த்த முயல்வது) அம்பேத்கரையும் நூலகத்திலிருந்து எடுத்துத் தனியே படிப்பது கட்டாயம்.

சமூக மாற்றத்தைப் பேசும் 21ஆம் அத்தியாயத்தில் இயக்கங்களின் நான்கு கட்டங்கள் வருகின்றன: தொடக்கம், திரட்சி, நிறுவனமயமாதல், தேய்வு. சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்த இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரியார் 1929ல் இங்கு வந்தார், 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது, கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு செய்தித்தாளைத் தொடங்கினார். 1952ல் தமிழர் திருநாள் வந்தது. இந்த ஆண்டுகளை நான்கு கட்டங்களில் பொருத்திப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் நல்ல கட்டுரை இருக்கிறது. மெதுவான மாற்றத்துக்குக் கணக்கெடுப்பே போதும்: வீட்டில் அதிகம் தமிழ் பேசும் வசிப்பாளர் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5.

படிக்கும் வரிசை 1, 2, 3, 9, 11, 21 என்று வைத்துக்கொள்ளலாம். 2ஆம் அத்தியாயத்தைத் தாண்டாதீர்கள். ஆய்வுமுறை தெரியாமல் மேலே சொன்ன எந்த எண்ணையும் கேள்வி கேட்க முடியாது. அரசியல், பொருளாதார அத்தியாயங்களை அமெரிக்கப் பாடமாகவே வேகமாகப் புரட்டலாம். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் உள்ள கலைச்சொற்களைத் தமிழில் உங்கள் சொந்த வாக்கியமாக எழுதுங்கள். அகராதிச் சொல்லை மட்டும் எதிரே எழுதி வைத்தால் விடைத்தாளில் அது கைகொடுக்காது.