தூரத்தைச் சரியாகச் சொல்லி நேரத்தில் கோட்டைவிடும் செயலி

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவை முதன்முறையாகத் தனியே அனுப்ப வேண்டியிருந்ததால், இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைத்தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிட்டுத் தரும் இலவசச் செயலி ஒன்றை மே மாதம் முழுவதும் பயன்படுத்தினேன்.

தூரக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூருவிலிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர் என்று காட்டியது. வரைபடத்தில் அந்தக் கோடு வடக்கே வளைந்து ஏறியதைப் பார்த்த அம்மா, "எதற்கு இப்படிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?" என்று கேட்டார். பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே தையல் நூலை இறுக்கிப் பிடித்தேன். நூல் தானாகவே சீனா, கிழக்குச் சைபீரியா, அலாஸ்கா என்று அதே வழியில் போய் ஒட்டிக்கொண்டது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான். (2021 ஜனவரியில் ஏர் இந்தியா இவ்விரு நகரங்களுக்கிடையே இயக்கிய முதல் நேரடி விமானம், பெண் விமானிகளின் பொறுப்பில், வட துருவப் பகுதியின் மேலாகவே பெங்களூரு வந்து சேர்ந்தது.)

நேரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து, 16 மணி நேரம் என்கிறது. போவதற்கும் வருவதற்கும் ஒரே எண்தான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றால், பெங்களூருவிலிருந்து லண்டனுக்குப் போக ஆகும் நேரம் திரும்பி வருவதைவிடக் கூடுதல் என்பது அடிக்கடி பறப்பவர்களுக்குத் தெரிந்ததே, செயலிக்குத் தெரியாது. அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதும் அதற்குத் தெரியாது. பன்னிரண்டரை மணி வித்தியாசத்தைப் பதின்மூன்றரை என்று காட்டியதை நம்பி, அங்கே இரவு ஒன்பதுதான் ஆகிறது என்று நினைத்து நான் அழைக்க, பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தம்பி எடுத்தான்.

நாங்கள் எடுத்ததோ பிராங்பர்ட் வழியான பயணச்சீட்டு. அந்த வழியில் தூரமே சுமார் 16,500 கிலோமீட்டர். பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பி, தேவனஹள்ளி விமான நிலையம் போய், பாதுகாப்புச் சோதனை, குடியேற்ற வரிசை, பிராங்பர்ட்டில் மூன்றரை மணி நேரக் காத்திருப்பு, மறுகரையில் பெட்டிக்காக நிற்பது எல்லாம் கூட்டினால் 31 மணி நேரம். செயலி சொன்ன 16 மணி நேரத்தை வைத்துத்தான் அம்மாவின் கைப்பையில் சர்க்கரை மாத்திரைகளை எண்ணி வைத்திருந்தேன். முதல் நாள் இரவு பயணச்சீட்டை மறுபடி பார்த்த பிறகு அதை இரண்டு நாளைக்கு என்று மாற்றினேன்.