பிளாக் மேசாவா, அபர்ச்சரா?

ஹாஃப்-லைஃப், போர்ட்டல் என்ற வீடியோ கேம் தொடர்கள் இரண்டும் ஒரே உலகில் நடக்கும் கதைகள். ஓரிடத்தில் நுழைந்து வேறோரிடத்தில் வெளிப்படும் வித்தைக்காக அங்கே பிளாக் மேசா, அபர்ச்சர் என்ற இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் மல்லுக்கு நிற்கின்றன. நான் பிளாக் மேசாவின் கட்சி. அது நல்ல நிறுவனம் என்பதால் அல்ல, அதன் அழிவு என்னை அதிகம் உலுக்கியதால்.

கருவியைப் பார்த்தால் அபர்ச்சருக்கே வெற்றி. அதன் போர்ட்டல் துப்பாக்கியைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கலாம். இந்தச் சுவரில் ஒரு துளை, அந்தச் சுவரில் ஒரு துளை, அவ்வளவுதான். பிளாக் மேசாக்காரர்கள் ஸென் என்ற வேற்றுலகின் வழியாகத்தான் தாவ வேண்டியிருந்தது.

ஆனால் அபர்ச்சரின் வீழ்ச்சி முழுவதும் அதன் நிறுவனர் கேவ் ஜான்சன் என்ற ஒரே மனிதரின் பிடிவாதம். குளியலறைத் திரைச்சீலை விற்றுப் பணம் சேர்த்தவர், மிச்சிகனில் கைவிடப்பட்ட உப்புச் சுரங்கத்தை வாங்கினார். 2011இல் வந்த போர்ட்டல் 2இல் அந்தச் சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே ஏறுகிறோம். பிரம்மாண்டமான இரும்புக் கதவு ஒன்று அதிர்ந்து திறக்கிறது. அதன் பின்னால் இருப்பது சாதாரண அளவில் ஒரு சிறிய கதவு. ஜான்சனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஏற ஏற ஆண்டுகள் நகர்கின்றன. முதலில் சோதனைக்கு வந்தவர்கள் விண்வெளி வீரர்களும் ஒலிம்பிக் வீரர்களும். பிறகு 60 டாலருக்காக வந்த வீடற்றவர்கள். கடைசியில் சொந்த ஊழியர்களே, அதுவும் கட்டாயத்தின் பேரில். பொடித்த நிலாக்கல் ஜான்சனின் உயிரைக் குடித்தது.

நியூ மெக்சிகோ பாலைவனத்து பிளாக் மேசாவில் அப்படி ஒரு தனி வில்லன் தேவைப்படவில்லை. 1998இல் வெளியான முதல் ஹாஃப்-லைஃப் டிராம் பயணத்தோடு தொடங்குகிறது. நாம் ஆடும் பாத்திரமான விஞ்ஞானி கார்டன் ஃப்ரீமேன் வேலைக்குப் போகிறார், அவ்வளவே. சோதனை அறையில் கருவியை 105 சதவீதத்துக்கு முடுக்கியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளின் குரலில் தயக்கம் கேட்கிறது. மேலிடம் அவசரப்படுத்துகிறது என்பதும் தெரிகிறது. 'வேண்டாம், நிறுத்துவோம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. மாதிரிப் பொருள் இருக்கும் வண்டியைக் கதிருக்குள் தள்ளுவது நம் கைதான். மறுநொடி உலகங்களுக்கு இடையிலான சுவர் கிழிகிறது. படித்த, பண்பான மனிதர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து உண்டாக்கிய பேரழிவு அது. எத்தனை முறை விளையாடினாலும் அந்த வண்டியின் கைப்பிடியருகே நான் தயங்கி நின்றுவிடுகிறேன்.

போட்டியும்கூடப் பெரும்பாலும் ஒருதலையானது. அபர்ச்சரின் கூட்ட அறையில் ஓடும் ஸ்லைடுகள் பிளாக் மேசாவோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கின்றன. ஜான்சன் அந்தப் பெயரை எடுத்தாலே கொதிக்கிறார். மறுபக்கத்தில் அபர்ச்சரின் பெயர் கனமாக விழுவது ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் 2இல்தான். முதல் போர்ட்டலோடு 2007இல் ஒரே தொகுப்பில் வந்த விளையாட்டு அது. காணாமல்போன அபர்ச்சர் கப்பல் போரியாலிஸைப் பற்றி பிளாக் மேசாவின் பழைய விஞ்ஞானிகளான இரு நண்பர்கள் மோதுகிறார்கள். எதிரியை வெல்ல அதைப் பயன்படுத்தலாம் என்கிறார் கிளைனர். பிளாக் மேசாவைக் கண்ணால் பார்த்த பிறகுமா என்று பதறி, அதை அழித்தே ஆக வேண்டும் என்கிறார் ஈலை வான்ஸ். 105 சதவீதத்தன்று யாரும் சொல்லாத 'வேண்டாம்' அது.

அந்தக் கப்பல் நின்ற இடத்தைப் போர்ட்டல் 2இல் பார்க்கலாம். வழியை விட்டு விலகித் தேடினால்தான் கிடைக்கும்: வெறுமையான கப்பல் துறை, போரியாலிஸ் என்று பெயர் எழுதிய ஓர் உயிர்காப்பு வளையம்.