இரவு நிகழ்ச்சியை மறுநாள் பார்க்க: பதிவு வசதியுள்ள இலவச டிஷ் பெட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால், இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைக்காட்சியில் வரும் எதையும் அவர்களால் பார்க்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் நிலை இதுதான். அவருக்காகவே மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், பென் டிரைவில் பதிவு செய்யும் வசதியுள்ள எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கினோம். டிஷ் முன்பே இருந்ததால் பெட்டிக்கு மட்டும் 1,500 ரூபாய்க்குள் செலவானது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று அழைக்கப்படும் தூர்தர்ஷன் சேவையை மாதக் கட்டணம் இல்லாமல் தருகிற பெட்டி இது. பொதிகை என்று நாம் அறிந்திருந்து 2024இல் டிடி தமிழ் ஆன அலைவரிசையும் இதில் வருகிறது.

பதிவு செய்யும் முறை எளிது. நிகழ்ச்சிப் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்து டைமரை வைத்துவிட்டால், குறித்த நேரத்தில் பெட்டி தானாகவே பதிவைத் தொடங்குகிறது. அப்பாவே மாலையில் அதை அமைத்துவிட்டு உறங்கப் போகிறார். மறுநாள் வெட்டு முடிந்து வந்து, மதிய உணவுக்குப் பின் நிதானமாகப் பார்க்கிறார். சாதாரணத் தரத்தில் ஒளிபரப்பாகும் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை ஜிபி வரை இடம் தேவைப்படுகிறது. மலிவான, வேகம் குறைந்த பென் டிரைவைச் செருகினால் படம் இடையிடையே உறைந்துவிடும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒற்றை டியூனர் (அலைகளைப் பிரித்தெடுக்கும் பகுதி) ஆதலால், பதிவு நடக்கும்போது அந்தச் சேனலோடு ஒரே அலையில் சேர்ந்து வரும் சேனல்களை மட்டுமே மாற்றிப் பார்க்கலாம்.

இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரிதானா என்று உறவினர் பலர் கேட்டனர். நியாயமான கேள்வி அது. கடைக்காரர்கள் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 37ஆம் பிரிவில், ஒளிபரப்பும் நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின்மீது 25 ஆண்டுகளுக்குத் தனி உரிமையைத் தருகிறது. அனுமதியின்றி அதை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வது அந்த உரிமையை மீறும் செயல்களில் ஒன்று. ஆனால் 39ஆம் பிரிவு உடனே ஒரு விலக்கை அளிக்கிறது: பதிவு செய்பவர் தம்முடைய தனிப்பட்ட உபயோகத்துக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டுமே பதிவு செய்தால் அது மீறல் ஆகாது. ஸ்வயம் பிரபா என்ற அரசுக் கல்விச் சேனல்களின் பாடங்களைப் பதிந்து வைத்து மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இந்த விலக்கு துணை நிற்கிறது.

ஒளிபரப்பு உரிமை ஒன்று என்றால், அதில் வரும் திரைப்படத்தின் பதிப்புரிமை வேறொன்று. தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான கையாளுதலை அனுமதிக்கும் 52ஆம் பிரிவு முன்பு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றோடு நின்றிருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் கணினி நிரல்கள் தவிர்ந்த எல்லாப் படைப்புகளுக்கும் அதை விரித்து, திரைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் உள்ளே கொண்டுவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனியின் வீடியோ பதிவுக் கருவி தொடர்பான வழக்கில், பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்ததைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நமக்கோ சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

விலக்கின் எல்லையை மட்டும் மறக்கக் கூடாது. பெட்டியோடு, பதிவு செய்த படங்களும் தொடர்களும் நிறைந்த பென் டிரைவ் ஒன்றையும் கூடுதல் பணத்துக்குத் தருவதாக அந்தக் கடையில் சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். விற்பதற்காக ஒருவர் எடுத்த நகல் அவருடைய தனிப்பட்ட உபயோகம் ஆகாது. பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நாமே பதிந்த படமானாலும் ஊர்த் திருவிழாவில் திரை கட்டிப் போட்டாலோ, வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விட்டாலோ, தனிப்பட்ட உபயோகம் என்ற பாதுகாப்பு நீங்கிவிடும். உழைத்து ஒரு நிகழ்ச்சியை உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டியதைப் பறிக்காமலேயே நம் தேவை நிறைவேறும்போது, அந்த எல்லையைத் தாண்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கட்டண டிடிஹெச் பெட்டிகளில் பதிந்ததைக் கணினிக்கு மாற்ற முடியவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. பதிவு வசதியுள்ள அத்தகைய பெட்டிகளில் நகல் தடுப்பு இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. உரிமையை மீறும் நோக்கத்தோடு அத்தகைய பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நாங்கள் பதிவு செய்யும் இலவச சேனல்களில் அந்தப் பூட்டே இல்லை. பென் டிரைவைக் கழற்றி வீட்டுக் கணினியிலும் பார்க்க முடிகிறது. இந்தப் பெட்டியை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

குறை என்றால் மழைதான். டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலைகள் கனமழையில் வலுவிழந்துவிடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்கிற நம் மாவட்டத்தில், ஜூனிலும் ஐப்பசியிலும் பதிவுகள் பாதியில் வெட்டுப்படுகின்றன. மின்சாரம் போனாலும் இதே கதி. மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் திறன் இந்தப் பெட்டிக்கு இல்லை. சிறிய இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால் பின்னதையாவது தவிர்க்கலாம். செயற்கைக்கோள் கிழக்கே சற்றுத் தெற்காக, வானில் நல்ல உயரத்தில் இருப்பதால், வீட்டை ஒட்டி அந்தத் திசையில் நிற்கும் தென்னை மட்டுமே தடையாகும்.

வாங்குவோர் கடையிலேயே தங்கள் பென் டிரைவைச் செருகி, ஐந்து நிமிடம் பதிவு செய்து, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி துளை இருந்தும், படங்களை ஓட்டிக் காட்டுமே தவிர பதிவு செய்யாத பெட்டிகள் கடைகளில் உள்ளன. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.