பிளஸ் டூ வணிகவியல் ரிவிஷன்: சில பேட்ச் பிள்ளைகளோடு பழகிப் பார்த்ததில் தேறியது எது?

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். புதிய பாடத்திட்டம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தது 2019-20இல். அன்றிலிருந்து ரிவிஷனுக்கு என்னென்னவோ செய்து பார்த்தாகிவிட்டது: கைடு, கலர் பேனா, செல்போன் வினாடி வினா, பழைய கேள்வித்தாள், இரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுக்கொள்வது. இன்றுவரை கைவிடாமல் வைத்திருப்பது புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதுவதைத்தான். மற்றதெல்லாம் அதற்குத் துணை, அவ்வளவுதான்.

கேள்வித்தாளைப் பார்த்தாலே காரணம் தெரியும். மொத்தம் 90 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மார்க் இருபது. டூ மார்க்கிலும் த்ரீ மார்க்கிலும் பத்துக்கு ஏழு எழுத வேண்டும். 30ஆவது கேள்வியும் 40ஆவது கேள்வியும் கட்டாயம். ஃபைவ் மார்க் ஏழு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. இருபது ஒரு மார்க்கை விட்டால், மீதி எழுபதுக்குப் பேனாவை எடுத்து நாமே எழுதியாக வேண்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்வது வாசிப்பதுதான். எழுதுவதற்கான பரீட்சைக்கு வாசித்தே தயாராகிறார்கள்.

கைடைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைடு கெட்டது என்று சொல்லமாட்டேன். ஃபைவ் மார்க்குக்குத் தலைப்பு எப்படிப் போடுவது, எத்தனை பாயிண்ட் எழுதினால் போதும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். பிரச்சினை, படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருப்பது. மூன்றாம் முறை வாசிக்கையில் கண் சரளமாக ஓடும், மனசு 'சரி, வந்துடுச்சு' என்று சொல்லிவிடும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசிப்பைக் குறைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. கலர் பேனா இன்னும் மோசம். ஜனவரி வரும்போது பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும், எது முக்கியம் என்றே தெரியாது.

வெறும் தாள் முறையை மேலாண்மை அறிஞர் ஃபயோலின் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். ஹென்றி ஃபயோலின் மேலாண்மைக் கொள்கைகள் 14. பாடத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்து முடித்ததும் புத்தகம் பைக்குள் போய்விட வேண்டும். ரஃப் நோட்டில் 1 முதல் 14 வரை எண் போட்டு, நினைவுக்கு வருவதை எழுத வேண்டும். வரிசை முக்கியமில்லை. வேலைப் பகிர்வு, ஒழுக்கம், அதிகாரமும் பொறுப்பும் எல்லோருக்கும் வந்துவிடும். ஒன்பது, பத்தில் பேனா நிற்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். உடனே புத்தகத்தைத் திறக்கவிடமாட்டேன், கொஞ்ச நேரம் மண்டையைக் குடையட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். அந்தச் சிவப்பு வரிகள்தான் அடுத்த நாள் படிக்க வேண்டிய பாடம். மீதியைத் தொடவே வேண்டாம். தெரிந்ததையே திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் இதற்கு முதலில் முரண்டு பிடிப்பார்கள்.

பெயர் வந்தால் மட்டும் போதாது. ஒரு பணியாளுக்கு ஒரே மேலதிகாரி என்பது ஒரு கொள்கை. ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரே தலைவர், ஒரே திட்டம் என்பது வேறு கொள்கை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. அம்மா ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், ஒருநாள் இதைத் தானாகவே தீர்த்தாள்: "மிஸ், எங்கம்மா லைன்ல ஒரு சூப்பர்வைசர்தான் சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னா தையல் தப்பாயிடும்." அதற்குப் பிறகு அந்த பேட்சில் யாருமே இதைத் தவறவிடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைவ் மார்க்குக்கும் நம்ம ஊர் உதாரணம் ஒன்று தாளின் ஓரத்தில் எழுதியாக வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் நிபந்தனைக்கும் நம்புறுதிக்கும் (வாரண்டி) உள்ள வேறுபாடு பலருக்குத் தலைவலி. குடியாத்தம் லுங்கி கேட்டவருக்குத் துண்டு வந்து இறங்கினால் நிபந்தனை மீறல்; சரக்கையே வேண்டாம் என்று திருப்பலாம். லுங்கி சரியாக வந்து, பெட்டியில் கட்டுவதாகச் சொன்னதைக் கோணியில் கட்டியிருந்தால் அது நம்புறுதி சார்ந்தது. நஷ்டஈடு கேட்கலாம், ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. வணிகச் சூழல் பாடத்துக்கு இன்னும் நல்லது இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் வழக்கு, நம் வீட்டு வாசலில் நடந்தது! சட்டச் சூழல் தொழிலை எப்படி மாற்றுகிறது என்று விளக்க, இதைவிடப் பொருத்தமாக வெளியூர்ப் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது.

எண்களுக்குத் தனித் தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுமச் (கம்பெனி) சட்டம் 2013இன்படி குறைந்தபட்ச உறுப்பினர்கள் ஒரு நபர் நிறுமத்தில் 1, தனியார் நிறுமத்தில் 2, பொது நிறுமத்தில் 7. இயக்குநர்கள் 1, 2, 3. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் '1-2-7, 1-2-3' என்று வாயிலேயே நின்றுவிடும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைக்கப்பட்டது 1988, சட்ட அதிகாரம் பெற்றது 1992. இந்த இரண்டும் ஒரு மார்க்கில் காலை வாரிவிடும்.

அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் பாடத்தில் எந்த நுகர்வோர் ஆணையம் எவ்வளவு ரூபாய் வரையிலான புகாரை விசாரிக்கலாம் என்ற தொகை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1986 சட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் 20 லட்சம் என்று இருந்தது, 2019 சட்டத்தில் ஒரு கோடியானது, 2021 டிசம்பரில் விதி வழியாக 50 லட்சமாகக் குறைந்தது. இந்த ஆண்டுப் புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே பரீட்சையில் எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது? பாடம் 28 இருப்பதால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூச்சு முட்டும். படித்த பாடத்தின் வெறும் தாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை எழுதினால் போதும். இடைவெளி விட்டுவிட்டு எழுதும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மறந்திருக்கும். அதைத் தேடி எடுக்கிற சிரமம்தான் பலன். ஜனவரியில் பள்ளி ரிவிஷன் டெஸ்ட் தொடங்கும்போது சிவப்பு மை பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும்.

செல்போன் வினாடி வினா ஒரு மார்க்குக்கு நன்றாகவே உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு விடையில் ஒன்றை அடையாளம் காண்பதும் ஒன்றுமில்லாத தாளில் விடையை வரவழைப்பதும் வேறு வேறு திறமை. போனில் இருபதுக்கு இருபது எடுத்த பையன் டூ மார்க்கில் ஒரு வரியோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் காட்பாடியிலிருந்து வருகிற நேரத்துக்கு அது போதும், வீட்டு மேஜைக்கு வேண்டாம்.

பிப்ரவரியில் பழைய கேள்வித்தாள்களை எடுத்து நேரம் வைத்து முழுசாக எழுத வைப்பேன். 180 நிமிடத்துக்கு 90 மார்க், ஆக மார்க்குக்கு இரண்டு நிமிடம். ஃபைவ் மார்க்குக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுப்பவர்கள் கடைசிக் கேள்வியைப் பாதியில் விடுவார்கள். மார்ச் மாத வேலூர் வெயிலில் கை வியர்த்து பேனா வழுக்கும், அதையும் மதிய நேரத்தில் பழகட்டும் என்று வேண்டுமென்றேதான் வைப்பேன். பெற்றோர் சிலர் திட்டுவார்கள்.

குறையும் உண்டு. 2021இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை, அந்த பேட்சை வைத்து எதையும் சொல்ல முடியாது. தனியாகப் படிக்கும் பிள்ளைக்குத் தன் விடையைத் தானே திருத்துவது கஷ்டம். 'கிட்டத்தட்ட சரி' என்று தாராளமாக டிக் போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு நண்பனோடு தாளை மாற்றித் திருத்தினால் இது தீரும், நண்பன் ஈவிரக்கமில்லாமல் திருத்துவான். கையெழுத்து மெதுவாக வருகிறவர்களுக்கு முழு விடைக்குப் பதிலாகத் தலைப்புகளை மட்டும் தாளில் எழுதி, விளக்கத்தை வாயால் சொல்ல வைக்கிறேன். கணக்குப்பதிவியலுக்கு இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே கோட்பாட்டு டூ மார்க்குக்கு மட்டும் தாள் சரி. மற்ற நேரமெல்லாம் கணக்குப் போட வேண்டும், இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் ஒத்துவரும் வரை.