காமெடி ஷோரீல் எடுக்கப் போறீங்களா? என் 35,000 ரூபா கதைய படிச்சுட்டுப் போங்க

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான். ஷோரீல்னா, நம்ம மேடை ஷோவுல இருந்து எடுத்து, வாய்ப்பு குடுக்கிறவங்களுக்கு அனுப்புற சின்ன சாம்பிள் வீடியோ. மிமிக்ரி, ஸ்டாண்ட் அப், பட்டிமன்றம்னு மேடை ஏறுற யாரா இருந்தாலும் பொறுமையா படிச்சுருங்க. எனக்கு வீடியோ எடுத்த ஸ்டூடியோ பேரு போடல, வக்கீல் நண்பர் வேணாம்னுட்டாரு, இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க.

நான் திருச்சி. ஏழு வருஷமா கோயில் திருவிழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஒரு தடவ வளைகாப்புல கூட காமெடி பண்ணிருக்கேன் (அத இன்னொரு நாள் சொல்றேன்). முன்னாடியெல்லாம் ஒரு ஊர்ல நல்லா பண்ணா அதப் பாத்தவரே அடுத்த ஊருக்குக் கூப்பிடுவாரு. இப்ப ஈவன்ட் மேனேஜருக்கு போன் அடிச்சா "லிங்க் இருந்தா அனுப்புங்க தம்பி"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, அதையும் இருபது செகண்ட் பாத்தா பெரிய விஷயம். சிவகார்த்திகேயன் மாதிரி விஜய் டிவி மேடையில இருந்து மேல வந்தவங்களுக்கு டிவியே ஷோரீல், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால கைக்காசு போட்டு எடுக்கணும்.

அப்பதான் ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. மூணு கேமரா, ரெண்டு நிமிஷ ஷோரீல், பத்து ரீல்ஸ், மொத்தம் 38,000. போன் போட்டா அந்தாளு பேசுறான் பேசுறான் அப்படிப் பேசுறான், "தலைவா, உங்க ரேஞ்சுக்கு நீங்க இன்னும் திருச்சியிலயே இருக்கலாமா"ன்னு கேட்டதும் நானும் உச்சி குளிர்ந்து 20,000 அட்வான்ஸ் ஜிபேல போட்டுட்டேன். பில்லு கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, மூணு பக்கம் இங்கிலீஷ், படிக்காமயே தம்ஸ் அப் போட்டேன். அந்த கட்டை விரலுக்கு அப்புறமா வர்றேன்.

ஏப்ரல் மாசம் தில்லை நகர்ல ஒரு மினி ஹால் வாடகைக்கு எடுத்து, சொந்தக்காரங்க, பழைய ஆபீஸ் ஆளுங்க, தெரு ஜனம்னு எழுபது பேரைக் கூட்டி, டீ போண்டா செலவும் நம்மளுது. ஷோ நெஜமாவே நல்லா போச்சுங்க. எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அத வச்சு ஒரு பிட் பண்ணுவேன். கல்யாணம் முடிஞ்சு பொண்டாட்டி முதல் தடவையா வீட்டு வாசப்படியில வந்து நிக்கிறா, ஆரத்தித் தட்டோட அத்தை வர்றாங்க, எல்லாரும் அப்பா மூஞ்சியவே பாக்குறாங்க. இங்க நான் ரெண்டு மூணு செகண்ட் சும்மா நிப்பேன். அப்புறம் அப்பா குரல்ல, "உள்ள காலியாத்தான இருக்கு, படியில நிக்காத, உள்ள போம்மா." அன்னிக்கு முன் வரிசையில இருந்த ஒரு பெரியம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கி சிரிச்சாங்க, அவங்களப் பாத்து பின்னாடி வரிசையெல்லாம் ரெண்டாவது ரவுண்டு சிரிச்சுது. அன்னிக்கு நைட்டே சந்தோஷத்துல இன்னொரு 10,000 அனுப்பிட்டேன்.

பத்து நாள்ல தர்றேன்னவன் ஒண்ணரை மாசம் கழிச்சு ஒரு வீடியோ அனுப்புறான். போட்டுப் பாத்தா எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. நான் சும்மா நிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்ட காணோம், "லேக் இருந்துச்சு தலைவா, டைட் பண்ணிட்டோம்"ங்கிறான். டேய், ஜோக்கே அதுதாண்டா! சிரிப்புச் சத்தம் அதுக்கும் மேல. பெரியம்மா சிரிப்பு இல்ல, யாரு சிரிப்பும் இல்ல, எங்கிருந்தோ டவுன்லோட் பண்ண ஏதோ வெள்ளைக்காரங்க சிரிப்பு, அதுவும் நான் "உள்ள காலியா"ன்னு வாயத் தொறக்கும்போதே ஆரம்பிச்சுருது.

ஏன்னு துருவித் துருவி கேட்டப்பதான் விஷயம் புரிஞ்சுது. என் கார்ட்லெஸ் மைக் சத்தத்த மிக்ஸர்ல இருந்து நேரா வயர் போட்டு ரெக்கார்ட் பண்ணிருக்கான், அதுல என் குரல் மட்டும்தான் வரும், ஹால்ல சிரிக்கிறது பேருக்கு கூட கேக்காது. அதுக்குன்னு ஜனத்தப் பாத்து தனியா ரெண்டு மைக் வைக்கணும், அப்புறம் எடிட்டிங்ல ரெண்டையும் கலக்கணும். கேமராவுல இருக்கிற மைக்காச்சும் ஆன்ல இருந்துச்சான்னா அதுவும் இல்ல. கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு இது தேவைப்படாது, மேல பாட்டு போட்டுருவான். நமக்கு சிரிப்பு இல்லைன்னா அது ஷோ இல்லீங்க, வேலை கேட்டுப் போற இன்டர்வியூ.

இதையும் பொறுத்துக்கிட்டு, வேற வழியில்லாம அத கோயம்புத்தூர்ல ஒரு ஈவன்ட் மேனேஜர் அண்ணனுக்கு அனுப்பினேன், ஒரு கம்பெனி ஆனுவல் டே, நல்ல பேமென்ட். அரை மணி நேரத்துல கூப்பிட்டாரு. "தம்பி, இது எந்த ஊர் ஷோ?" "திருச்சிண்ணே, ஏப்ரல்ல பண்ணது." "திருச்சியில ஏப்ரல் மாசம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா உக்காந்திருந்தாங்க?"

மறுபடி ஓட்டிப் பாத்தேன். நாப்பதாவது செகண்ட்ல கைதட்டுற மாதிரி வர்ற கூட்டம் என் கூட்டமே இல்ல. வடக்க எங்கயோ குளிர்காலத்துல எடுத்தது, மெரூன் கலர் ஸ்வெட்டர், கழுத்துல மஃப்ளர் சுத்தின ஒரு பெரியவர் பல்லு தெரிய சிரிக்கிறாரு. மூணு கேமரான்னு சொல்லிட்டு வந்தது ஒண்ணு, ஜனத்தப் பாத்து ஒரு ஷாட் கூட எடுக்கல, அந்த ஓட்டைய அடைக்க இந்த வேலை. அண்ணன் திட்டக்கூட இல்ல, "சரி தம்பி, பாக்கலாம்"னு வச்சுட்டாரு. நம்ம ஃபீல்டுல அதுக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

இதுக்கு நடுவுல ஒரு லட்சம் வியூ காட்டுறேன், பார்ட்டிங்க தானா தேடி வருவாங்கன்னு சொல்லி பூஸ்ட்டுக்கு 5,000 வேற வாங்கிருந்தான். ரெண்டு நாள்ல நாப்பதாயிரம் வியூ ஏறுச்சு, லைக் 23, அதுல ஆறு எங்க வீட்டு ஆளுங்க. பின்னாடி ஓடுற சினிமா பாட்டுக்கு காப்பிரைட் க்ளெய்ம் வந்தது தனி.

சரி, ஒரிஜினல் ஃபுட்டேஜயாச்சும் குடுப்பா, வேற எடிட்டர் வச்சுக்கிறேன்னா, ஹார்ட் டிஸ்க்குக்குன்னு 12,000 கேக்குறான். வக்கீல் நண்பர்கிட்ட போனேன். 1957 காப்பிரைட் சட்டத்துல 17ஆவது பிரிவுப்படி காசு குடுத்து நாம எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு நாமதான் முதல் ஓனராம், ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னாதான். பிடிஎஃப்ப தொறந்து பாத்தாரு. மூணாம் பக்கம் கடைசியில பொடி எழுத்துல எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கேன்னு இருக்கு, கீழயே என் கட்டை விரல். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சிருக்கேன், நம்பர் வந்துருக்கு, பணம் வரல.

நீங்க எடுக்கப் போறீங்கன்னா அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி "ஜனத்துக்கு எத்தன மைக் வைப்பீங்க"ன்னு மட்டும் கேளுங்க, முழிச்சான்னா எந்திரிச்சு வந்துருங்க. அவன் எடுத்த வேற காமெடி ஷோ இருந்தா வெட்டாத அஞ்சு நிமிஷம் காட்டச் சொல்லுங்க. ஃபுட்டேஜ் அன்னிக்கு நைட்டே நம்ம டிஸ்க்குக்கு மாத்தணும்னு எழுதி வாங்கிட்டு, பாதிக் காச அதுக்கப்புறம் குடுங்க. என் மச்சான் மூணாவது வரிசையில உக்காந்து போன்ல எடுத்த ஆடுற வீடியோவுல பெரியம்மா சிரிப்பு அவ்ளோ தெளிவா கேக்குது, இப்ப கேக்குறவங்களுக்கு அததான் அனுப்பிட்டு இருக்கேன். கரூர்ல ஒரு ரிசப்ஷன் மட்டும் வந்துருக்கு, சின்ன பேமென்ட்தான்.

இன்னிக்கு காலையில அந்த ஸ்டூடியோ பேஜ எட்டிப் பாத்தேன். "எங்க வேலைக்கு சாம்பிள்"னு என் வீடியோவையே மேல பின் பண்ணி வச்சிருக்கான். ஸ்வெட்டர் பெரியவர் இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்காரு.